முத்தத்துக்குப் பயந்தேன், ஆட்டிடம் மாட்டினேன்

நேற்று சாயங்காலம் சென்சார் சான்றிதழ் வந்துவிட்டது. யுஏ 16+, அதாவது 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். இரண்டு இடத்தில் மியூட், ஒரு ஷாட்கூட வெட்டில்லை. ஃபோனை வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். சுளுவாக முடிந்திருக்க வேண்டிய வேலையை நானே எவ்வளவு சிக்கலாக்கிக்கொண்டேன் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. சின்ன பட்ஜெட்டில் படம் எடுத்துவிட்டு இந்த வரிசையில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் நடக்கிறது. பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்கள். ஒரே சைக்கிள், ஒரே டியூஷன், ஒருத்தி சாப்பாட்டில் மற்றவள் கை. அதில் ஒருத்திக்கு இது வெறும் சிநேகிதம் இல்லை என்று மெல்லத் தெரியவருகிறது. மற்றவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதுதான் மீதிப் படம். கடைசியில் நெற்றியில் ஒரு முத்தம், நான்கு விநாடி. எல்லாரும் என்னைப் பயமுறுத்தியது அந்த நான்கு விநாடியை வைத்துத்தான். "ஏ குடுத்துடுவாங்க, பாத்துக்கோ." ஏ என்றால் பெரியவர்களுக்கு மட்டும். அது வந்தால் கதையில் வரும் வயதுப் பிள்ளைகள் ஒருத்தர்கூட தியேட்டருக்குள் நுழைய முடியாது, டிவியும் அப்படியே போச்சு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் 2021-ல் கலைத்துவிட்டார்கள். படத்தை மறுபடி பார்க்கும் ரிவைசிங் கமிட்டியைத் தாண்டினால் நேரே ஹைகோர்ட்தான். வீட்டை அடகு வைத்துப் படம் எடுத்தவள் வக்கீலுக்கு எங்கே போவாள்?

அந்தப் பயத்தில்தான் முதல் தப்பைச் செய்தேன். ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். விண்ணப்பம் முழுக்க ஆன்லைன், சென்சார் போர்டின் இ-சினிபிரமாண் தளத்தில் நாமே போடலாம். எனக்கும் அது தெரியும். ஆனாலும் "பழக்கப்பட்ட ஆள்" என்றதும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் முதலில் கை வைத்தது கதைச்சுருக்கத்தில். நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "இரு தோழிகளின் தூய நட்பைச் சொல்லும் கதை" என்று போட்டார். "படத்தப் பாக்கும்போது பாத்துக்கலாம் மேடம், பேப்பர்ல எதுக்கு?" அந்தத் "தூய" என்ற சொல் அப்போதே உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை.

தலைப்பு வேறு யார் பேரிலும் இல்லை என்று காட்டும் டைட்டில் கடிதத்துக்கு ஒரு தயாரிப்பாளர் சங்கத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். மூன்றாம் முறை அங்கிருந்தவர் என் பழைய கதைச்சுருக்கத்தையே நாலு பேர் முன்னால் சத்தமாக வாசித்தார்.

"ரெண்டும் பொண்ணாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப பையன் யாரு?"

"பையன் இல்ல சார்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம், தலைப்பில் ஓர் எழுத்து ஏற்கெனவே பதிவான வேறொரு தலைப்போடு ஒத்துப்போகிறது, அடுத்த வாரம் வாங்க என்றார். ஓர் எழுத்து! (இதை முதல் முறையே சொல்லியிருக்கலாம். மூன்று முறையும் கிண்டியிலிருந்து பஸ்.) ஆகவே போஸ்டர் அடிப்பதற்கு முன்னாலேயே மாற்றுத் தலைப்பு இரண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆடு.

படத்தின் நடுவில், கிணற்றடியில் ஒருத்தி மற்றவளுக்குக் கனகாம்பரம் வைத்துவிடும் காட்சி. பூவைக் கையில் பிடித்து ஊசியைத் தேடும்போது பக்கத்து வீட்டு வெள்ளாடு திடீரென்று வந்து சரத்தை இழுத்துத் தின்றுவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருத்தி மற்றவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நான் எழுதியதில்லை. படமே அங்கேதான் நிற்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, கட் சொல்லாமல் விட்டேன், அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

விலங்கு திரையில் தெரிந்தால் விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ஷூட்டிங்குக்கு முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டிய விஷயம். தானாக வந்த ஆட்டுக்கு எப்படி முன்னாலேயே வாங்குவது? ஏஜென்ட்டுக்கு இது விண்ணப்பம் போடும் அன்றுதான் ஞாபகம் வந்தது. புரொடக்‌ஷனில் பழம்தின்று கொட்டை போட்ட அண்ணன் ஒருவர், "திருவான்மியூர்லதான் ஆபீஸ், நேரா போயிடு" என்றார். போனேன். வாரியம் அங்கிருந்து ஹரியானா பல்லப்கர் பக்கம் போய் வருடக்கணக்காகிறதாம். வாசலில் இளநீர் விற்றவர்தான் சொன்னார். அவருக்கு இது பழகிப்போன கேள்வி போல.

சரி, ஆட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் கால்நடை மருத்துவரிடம் ஒரு சான்றும் வாங்கி எழுதிப் பார்ப்போம் என்று இரவு பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். ஆட்டுக்காரப் பாட்டி என்னைப் பார்த்ததும் சிரித்தது. "அதா? ஆடிக்கு கருப்பசாமிக்கு வெட்டியாச்சே கண்ணு. உனக்குச் சொல்லிவிடணும்னுதான் இருந்தேன், கறிக்கு வந்திருப்பே." எந்த மருத்துவர் எந்த ஆட்டைப் பார்த்துச் சான்று கொடுப்பார்?

திரும்பி வரும்போது காட்சியை எடுத்துவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். காப்பாற்றியது எடிட்டர். 4கே-வில் எடுத்தது, 2கே-வில்தானே வெளியிடுகிறோம் என்று ஃபிரேமைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டினார். ஆடு போச்சு. மூக்கு நுனிகூட இல்லை. சரம் மட்டும் கையிலிருந்து விசுக்கென்று உருவிக்கொண்டு போகிறது, பெண்கள் சிரிக்கிறார்கள், அந்தப் பார்வை அப்படியே இருக்கிறது. நாடாவால் அளந்ததுபோல் பதினொரு ஷாட்டையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். தயவுசெய்து ஷூட்டிங்கிலேயே ஒருவரை இதற்கென்று நிறுத்துங்கள்: பின்னணியில் கோழி, நாய், மாட்டுவண்டி எது வந்தாலும் குறித்துவைக்க.

மற்றது சுருக்கமாக. தம்பியாக நடித்த பையனுக்கு வயது 11. அதற்குக் கலெக்டர் அனுமதி முன்பே வாங்கியிருந்தோம், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, சம்பளத்தில் 20 சதவீதம் அவன் பேரில் டெபாசிட். நாயகிகள் 19, 20 வயது. வயதுக்கு ஆதாரமாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் கையிலேயே வைத்திருந்தேன். தாத்தா ஒரு பீடி பிடிக்கிறார், அதற்கு முதலிலும் நடுவிலும் 30 விநாடி புகையிலை எச்சரிக்கை. அந்தத் தாத்தாவையும் வெட்டியிருக்கலாம்.

சென்சார் கமிட்டிக்கான முதல் திரையிடல் நடக்கவே இல்லை. தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபியைத் திறக்க கேடிஎம் என்று ஒரு டிஜிட்டல் சாவி உண்டு. அதை லேப் அந்தத் தியேட்டரின் பழைய சர்வருக்குப் போட்டு அனுப்பியிருந்தது. சர்வர் மாறிப் பல நாளாகிறது. ஹால் வாடகை தண்டம், தேதி தள்ளிப்போச்சு. முந்தின நாளே ஆபரேட்டரிடம் சர்வர் எண்ணை ஃபோட்டோ எடுத்து வாங்கி, பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாம் முறை ஓடியது. நம்மை உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதானே. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 48-வது நிமிடம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கிணற்றடி. அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு கமிட்டியினர் கூப்பிட்டார்கள். முத்தத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மூத்த அம்மா ஒருவர் என் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "தூய நட்புன்னு போட்டிருக்கீங்க. படம் அதைச் சொல்லலையே?" தொண்டை வறண்டுவிட்டது. ஏஜென்ட் கதவருகே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான் பயத்துல அப்படியே விட்டது மேடம். தன்பாலீர்ப்பு உள்ள ஒரு பெண்ணோட கதை" என்றேன். "அப்ப அப்படியே எழுதிக் கொடுங்க." அவ்வளவுதான். 2022-ல் தமிழக அரசே அரசிதழில் எல்ஜிபிடிக்யூ மக்களுக்குப் பால்புதுமையர் என்பது போன்ற மரியாதையான சொற்கள் வெளியிட்டிருக்கிறது. அதன் அச்சுப்பிரதியை ஒரு மாதமாகப் பையில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எடுக்கவே தேவைப்படவில்லை. வகுப்புப் பையன் கத்தும் ஒரு வசைச்சொல்லை மட்டும் இரண்டு இடத்தில் மியூட் செய்யச் சொன்னார்கள். மறுக்கத் தோன்றவில்லை.

எழுந்து வரும்போது அந்த அம்மாவே கேட்டார்: "அந்தப் பூவை யார் இழுத்தா? காத்தா?"

"காத்துதான் மேடம்" என்றேன்.

இன்று காலை பாட்டி ஃபோன். தம்பியாக நடித்த பையன் போய்ச் சொல்லியிருக்கிறான். "என் ஆட்ட படத்துலேர்ந்து எடுத்துட்டியாமே?" இன்னும் கோபம் தணியவில்லை.