மீசை வைத்த மருத்துவச்சி

பிரசவம் பார்ப்பவரை ஸ்வீடிஷ் மொழியில் 'பார்ன்மோர்ஸ்கா' என்று எழுதுகிறார்கள். வாயில் வரும்போது ஏறக்குறைய 'பார்ன்முஷ்கா'. பார்ன் என்றால் குழந்தை, மோர் என்றால் தாய். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஸ்கா' பெண்பால் விகுதி, நம் 'ச்சி' மாதிரி. மருத்துவர் மருத்துவச்சி ஆனதும் நாமும் பேறுகாலத்துக்குத்தானே போய்விடுகிறோம்!

வேடிக்கை என்னவென்றால், இன்று அந்த வேலையில் இருக்கும் ஆணுக்கும் அங்கே அதே பெயர்தான். தாடி மீசையோடு வந்தாலும் அவர் பார்ன்மோர்ஸ்கா. செவிலியருக்கும் இதே கதை: 'ஹூக்ஹொதெர்ஷ்கா'. நோயாளியைப் பராமரிக்கும் பெண் என்பது சொற்பொருள். ஆண் செவிலியரும் அதையே சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். (அந்த 'ஹ' நம் 'ஹ' அல்ல. சூடான காப்பியை ஊதிக்கொண்டே பேசிப் பாருங்கள், ஓரளவு வரும்.)

எனக்கு அதிகம் பிடித்தது மருத்துவச்சிக்கு முன்பு இருந்த பழைய சொல்: 'யூர்தெகும்மா'. கும்மா என்றால் வயதான பெண்மணி. 'யூர்த்' என்றால் மண். மண்ணுக்கும் பிரசவத்துக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஸ்காண்டிநேவியர்கள் அந்தக் காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் பச்சிளங்குழந்தைக்கு 'யோத்' என்று ஒரு சொல் இருந்தது. அது வழக்கொழிந்ததும், பொருள் தெரியாத மக்கள் காதுக்குப் பழகிய மண்ணை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். பக்கத்து டென்மார்க்கில் இன்றும் மருத்துவச்சிக்கு மண்ணம்மா என்றுதான் பெயர். ஐஸ்லாந்துக்காரர்கள் மட்டும் 'ஒளித்தாய்' என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண்.