செட்டிபாளையத்துக்கு ஒரு எஞ்சின்: நாட்குறிப்பு

2025 ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டோம். கோவை கணபதியில், எஞ்சின் கட்டும் மாஸ்டரின் பட்டறை. என் மாருதி எஸ்டீமின் 1298 சிசி எஞ்சின்: நான்கு சிலிண்டர், 16 வால்வு, மேலே ஒரே கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு). கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். இந்தக் கார் இனி ரோட்டில் ஓடாது. எஞ்சினை மாற்றிக் கட்டிவிட்டு ரோட்டில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. டிரெய்லரில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்குப் போய் வருவதற்கு மட்டும்தான் இது.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் எஞ்சினில் காலால் கேட்டது அப்படியே கிடைக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் இந்த வேலையே.

ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. திறன் என்பது டார்க்கையும் (முறுக்கு விசை) ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் வருவது. 100 நியூட்டன் மீட்டர் 6000இல் கிடைத்தால் 85 குதிரை. அதே 100ஐ 7500 வரை பிடித்து வைக்க முடிந்தால் 107. டர்போ இல்லாத எஞ்சினில் சிசி கூட்டாமல் டார்க்கைப் பெரிதாக ஏற்ற முடியாது. இருக்கிற டார்க்கை இன்னும் மேலே கொண்டுபோகலாம், அவ்வளவுதான். எந்த இடத்துக்குக் கொண்டுபோவது என்பதைக் கேம் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் எஞ்சின் பிழைத்திருக்குமா என்பதை மற்ற எல்லாமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. "கேம் போட்டால் எவ்வளவு ஏறும்?" என்று கேட்கிறவர்களிடம் "எத்தனை ஆர்பிஎம்மில் ஓட்டப்போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

எங்கள் இலக்கு 7000. அங்கே 95 நியூட்டன் மீட்டர் நின்றாலே 95 குதிரை வந்துவிடும். 7500இல், அதற்கு மேலே போகவிடாத லிமிட்டர். பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 75.5 மிமீ என்பதால் அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 19 மீட்டர். நல்ல ராடு போல்ட்டும் சரியான பேரிங் கிளியரன்ஸும் இருந்தால் தாங்கும்.

2025 ஜூன் 28, சனி

கேம் வந்துவிட்டது. கூட வந்த அட்டையில் இருப்பது இது: காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு, கிராங்க் தண்டின் சுற்றில் 32 டிகிரி முன்பே திறக்கிறது; அடிமட்டத்தைத் தாண்டி 68 டிகிரி போன பிறகுதான் மூடுகிறது. 32, 180, 68 மூன்றையும் கூட்டினால் 280. ஒப்பிட்டுப் பார்க்க ரோட்டுக்கான சாதுவான கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 16 முன்பு, 52 பின்பு, மொத்தம் 248.

பலரும் வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்கிற லிஃப்டைத்தான் முதலில் கேட்பார்கள். நான் அட்டையில் முதலில் தேடுவது அந்த 68ஐ. அடிமட்டம் தாண்டிப் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கிறது. 2000 ஆர்பிஎம்மில் காற்றுக்கு வேகம் இல்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். 6500இல் கதையே வேறு. இன்லெட் குழாயில் ஓடிவரும் காற்றுக்கு அவ்வளவு உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் அது உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வரும். அங்கே வால்வை 52இலேயே மூடிவிட்டால், வரவேண்டிய காற்று வெளியே நின்றுவிடும். ஒரே எஞ்சின், ஒரே சிசி; டார்க் எங்கே உச்சத்தைத் தொடும் என்பது பெரும்பாலும் இந்த ஒரு எண்ணைப் பொறுத்தது.

அடுத்தது ஓவர்லாப். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வைத் தள்ளும் லோபும் (கேமின் புடைப்பு) இதே அளவு என்பதால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருப்பது 64 டிகிரி. சாதுவான கேமில் இது 32தான். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) கார் குலுங்குவதும் அந்தத் தடதடப்பும் இங்கேயிருந்துதான் வருகின்றன. ஒரே கேம் என்பதால் இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை நாம் தொட முடியாது. முழுக் கேமையும் முன்னே பின்னே நகர்த்த மட்டுமே முடியும்.

2025 ஜூலை 5, சனி

கம்ப்ரஷன் வேலை, அதாவது உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு அழுத்துவது என்பது. இன்லெட் தாமதமாக மூடுவதால் எஞ்சின் உண்மையில் அழுத்தத் தொடங்குவதும் தாமதமாகிறது. பழைய கம்ப்ரஷனிலேயே பெரிய கேமைப் போட்டால் கீழே எஞ்சின் சோம்பிவிடும், மேலேயும் முழுப் பலன் கிடைக்காது. அதனால் கேமோடு கம்ப்ரஷனும் ஏற வேண்டும்.

ஒரு சிலிண்டருக்கு 324.7 சிசி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம், கேஸ்கட்டின் கனம் உட்பட, 38 சிசி என்றால் விகிதம் 9.5. அதை 34 ஆக்கினால் 10.5. நான்கு சிசிதான், ஒரு டீஸ்பூன் கூட இல்லை. பியூரெட்டில் எண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் தனித்தனியாக அளந்து, சமப்படுத்திய பிறகுதான், ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவும் ஃபேஸிங்குக்கு அனுப்பினோம்.

ஃபேஸிங் போட்டால் இன்னொன்றும் நடக்கும். ஹெட் தாழ்வதால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. பெல்ட்டில் வரும் அந்தத் தளர்வை டென்ஷனர் இழுத்துக்கொள்ளும்போது கேம் டைமிங் கொஞ்சம் பின்தங்கிவிடும். புல்லியில் குறி சரியாக நிற்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அட்ஜஸ்டபிள் கேம் புல்லி அலங்காரத்துக்கு இல்லை, இதற்குத்தான்.

2025 ஜூலை 9, புதன்

போர்ட்டிங்: ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழிகளைச் சீர்செய்வது. இதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், நாங்கள் செய்ததும் குறைவுதான். வால்வு கைடுக்குப் பக்கத்தில் இருந்த முண்டு, வால்வு உட்காரும் சீட்டுக்குக் கீழே வார்ப்பு மிச்சம், கேஸ்கட்டோடு ஒத்துப்போகாத விளிம்பு, இவற்றை மட்டும் எடுத்தோம். 30, 45, 60 என மூன்று கோணத்தில் சீட் கட்டிங். போர்ட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுப் படமெடுத்துக் காட்டுகிற பட்டறைகள் உண்டு. இன்லெட் பக்கம் அதனால் ஒரு லாபமும் இல்லை. போர்ட்டைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம்தான் போகும். 68 டிகிரி வரை வால்வைத் திறந்து வைத்திருப்பதே அந்த வேகத்தை நம்பித்தானே?

2025 ஜூலை 13, ஞாயிறு

கேம் டைமிங்கையும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்கிற நாள்: டயல் கேஜ், டிகிரி வீல், பிள்ளைகள் விளையாடும் களிமண். ஞாயிற்றுக்கிழமையில் பட்டறை அமைதியாக இருக்கும், அதற்காகவே இன்றைக்கு வைத்தோம்.

பிஸ்டனின் உச்சியை டயல் கேஜை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது நிச்சயமில்லாத வேலை. உச்சியில் பல டிகிரிக்குப் பிஸ்டன் அசையாதது போலவே இருக்கும். ஸ்டாப்பர் போட்டு, கிராங்கை இரண்டு பக்கமும் கையால் சுற்றி, முட்டுகிற இரண்டு இடத்துக்கும் நட்டநடுவை எடுத்தோம்.

அப்புறம் பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, முழுச் சுற்று சுற்றித் திரும்பக் கழற்றி, களிமண்ணை வெட்டி அளந்தோம். இன்லெட்டில் 1.5 மிமீ, எக்ஸாஸ்டில் 2 மிமீ. இதற்குக் கீழே போகக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். எக்ஸாஸ்டுக்கு ஏன் அதிகம்? அந்த வால்வு சூட்டில் நீளும். போதாததற்கு, ஸ்பிரிங் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் வால்வு மிதந்தால், ஏறிவரும் பிஸ்டன் அதைத் துரத்திப் பிடித்துவிடும். இரண்டு வால்வுக்கும் இடைவெளி மிகவும் குறைவது உச்சிக்கு அக்கம்பக்கம் பத்து டிகிரியில்தான், ஓவர்லாப் நடக்கும் நேரத்தில்.

ஸ்பிரிங்கும் மாறியது. பழைய ஸ்பிரிங் இந்த லிஃப்டில் சுருளோடு சுருள் ஒட்டிவிடும் அளவுக்குப் போனது. "கேமு காசு கேக்கறது ஒருக்காத்தானுங், ஸ்பிரிங்கு கேட்டா எஞ்சினையே கேக்கும்" என்றார் மாஸ்டர். உண்மை.

2025 ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டரைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. ஹெடர் (புகைக் குழாய்த் தொகுதி) பற்றவைக்கிற நாள் பார்த்து இப்படி. டிக் வெல்டிங்கில் ஆர்கானைக் காற்று அடித்துக்கொண்டு போனால் பற்றில் துளை விழும். ஷட்டரை இறக்கி, சாக்கை இடுக்கில் திணித்து, வெந்துகொண்டே வேலை பார்த்தார்கள்.

நாங்கள் கட்டியது 4-2-1: நான்கு குழாய் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகும். வெடி வரிசை 1-3-4-2 என்பதால் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் ஜோடி சேர்த்தால் ஒரு குழாயில் அலைகள் சம இடைவெளியில் போகும். ஒரு சிலிண்டரின் புகை குழாய் முனையைத் தாண்டும்போது வெற்றிட அலை ஒன்று திரும்பி வருகிறது. அது ஓவர்லாப் சமயத்தில் வால்வுக்கு வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சிவிட்டுப் புதுக் காற்றையும் உள்ளே இழுக்கும். 64 டிகிரி ஓவர்லாப்புக்குப் பலன் கிடைப்பது இங்கேதான். கம்பெனி மேனிஃபோல்டோடு இந்தக் கேமைப் போட்டிருந்தால் ஓவர்லாப்பில் பழைய புகைதான் இன்லெட்டுக்குள் ஏறியிருக்கும். நான்கும் நேராக ஒன்றாகும் 4-1 உச்சியில் இன்னும் கொஞ்சம் தரலாம். கரி இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய சின்ன டிராக்; வளைவிலிருந்து வெளியே வரும்போது கிடைக்கும் டார்க்தான் அங்கே நேரத்தைக் குறைக்கும்.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி 18. பட்டறை லீவு. சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனிடமும் ஒரு எஸ்டீம் இருக்கிறது. வால்பாறைக்கு அடிக்கடி போகிறவன்.

"ஏனுங்ணா, இதே கேம எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்ளேன்."

"உனக்கு வேண்டாங் கண்ணு" என்றேன். முகம் வாடிப்போய்விட்டது. ஆனால் விளக்கிச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டான். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து இழுக்க வேண்டும். இந்தக் கேம் அந்த இடத்தில் காற்றைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருக்கும். மலை ஏற ஏற, 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் என்று திறன் வேறு குறைந்துகொண்டே போகும். சட்டமும் விடாது. அவன் காருக்கு நல்ல பிளக், சுத்தமான இன்ஜெக்டர், சரியான வால்வு கிளியரன்ஸ், தேயாத டைமிங் பெல்ட் போதும். கம்பெனிக் கேம் அவனுடைய ரோட்டுக்குச் சரியான கேம்.

2025 ஆகஸ்ட் 9, சனி

முதல் ஸ்டார்ட். லோபுகளில் மாலி பேஸ்ட் தடவி, பிடித்தவுடன் 2000க்கு மேலேயே இருபது நிமிடம் வைத்தோம். புதுக் கேமும் ராக்கரும் ஒன்றோடொன்று பழகுகிற நேரம் அது. அதில் ஐடிலில் விட்டால் லோபுக்கு எண்ணெய் போதாது.

ஐடில் 1150இல் நிற்கிறது. மேனிஃபோல்டில் வெற்றிடம் குறைவாகவும் ஆட்டத்தோடும் இருப்பதால் பழைய இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) அந்த அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் படித்துவிட்டு லோடு ஏறிவிட்டது என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். அதனால் தனி இசியு. முழுத் திராட்டிலில் லாம்டா (பெட்ரோல் சரியாக எரியத் தேவையான காற்றில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்பது) 0.88 வைத்திருக்கிறோம். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பெட்ரோலுக்கு 14.7 மடங்கு காற்று என்கிற பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு டியூன் செய்யக் கூடாது. லாம்டாவில் பேசினால் இந்தக் குழப்பமே வராது.

2025 ஆகஸ்ட் 16, சனி

டைனோ, அதாவது எஞ்சினின் திறனை அளக்கும் இயந்திரம். கேமை அட்டையில் சொன்னபடி வைத்து ஓர் ஓட்டம், நான்கு டிகிரி முன்னே, நான்கு டிகிரி பின்னே. முன்னே நகர்த்தினால் 4000இல் கோடு தடிக்கிறது, 6500க்கு மேல் தளர்ந்துபோகிறது. பின்னே நகர்த்தினால் நேர் எதிர். இரண்டு டிகிரி முன்னே வைத்துப் பூட்டிவிட்டோம். 3500க்குக் கீழே பழைய எஞ்சினைவிட இது பலவீனம்தான், கிராஃபில் அப்படியே தெரிகிறது. 4800இல் இரண்டு கோடும் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு மேலே புதியது விட்டுக்கொடுக்கவே இல்லை. 7000 வரை டார்க் சரியாமல் போனதைப் பார்த்தபோது மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு

கரி. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கிய கரிவர்தனின் பெயர் தாங்கிய டிராக்கில், இன்னொரு மாருதி எஞ்சினை 7200 வரை கத்தவிடுவது எனக்குப் பெரிய விஷயம்.

மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது சுகம். என் கியர்பாக்ஸில் பல்விகிதம் 1.280, 0.914 என்பதால் 7200இல் மாற்றினால் 5100க்கு மேலேயே விழுகிறது, பலம் தொடர்கிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு 1.894, 1.280, விழுவது சுமார் 4870இல், அதுவும் சரிதான். சிக்கல் மெதுவான வளைவில். மூன்றாவதில் போனால் 4000க்குக் கீழே இறங்கி எஞ்சின் மூச்சுத் திணறுகிறது, இரண்டாவதில் போனால் வெளியே வந்ததும் லிமிட்டர். கேமைச் சாதுவாக்க நான் தயாரில்லை. கியர்பாக்ஸின் கடைசிப் பல்விகிதமான ஃபைனல் டிரைவைக் குட்டையாக்கினால் மூன்றாவது கியரே அந்த வளைவில் 4500ஐத் தொடும். மாஸ்டரும் அதையேதான் சொன்னார். நாளைக்குக் கியர்பாக்ஸை இறக்குகிறோம்.