35 வருடம் கழித்து வந்த ஃபாஸ்ட் கார்

அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மன் 1988-ல் தன் முதல் ஆல்பத்தில் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாட்டை, கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த இசை) பாடகர் லூக் கோம்ப்ஸ் 2023-ல் கன்ட்ரி பாட்டாகப் பாடினார். இந்த வாரம் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாட்டில் பேசுவது ஒரு பெண். கடையில் பில் போடும் வேலை பார்க்கிறாள். ஆண் பாடும்போது இப்படிப்பட்ட வரியைத் திருத்திவிடுவார்கள். லூக் திருத்தவில்லை. அந்தக் கரகரத்த, கனமான குரலில் அவர் அந்தப் பெண்ணாகவே பாடுகிறார், ஒரு இடத்திலும் உறுத்தவில்லை! குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, பாதியில் நின்ற படிப்பு, ஊரைவிட்டுக் கிளம்பும் கார்... இதெல்லாம் கன்ட்ரி பாடகர்கள் காலம்காலமாகப் பாடிவருவதுதானே. அதனால் இசையையும் அவர் பெரிதாக மாற்றவில்லை. அந்தத் தொடக்க கிதார் அப்படியே இருக்கிறது.

கன்ட்ரி வானொலிப் பட்டியலில் பாட்டு முதலிடம் பிடித்தது. தனி ஆளாக எழுதிய பாட்டால் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் ட்ரேசி. அதே ஆண்டு நவம்பரில் சிஎம்ஏ-வின் (கன்ட்ரி இசைச் சங்கம்) ஆண்டின் சிறந்த பாடல் விருதும் அவருக்கே. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியரும் அவர்தான். 2023 வரை ஒருவருக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். ட்ரேசி பாடும்போதெல்லாம் லூக் அவரையே பார்த்தபடி உதட்டசைத்துக்கொண்டு நிற்பார், ஒரு ரசிகராக. அவசியம் பாருங்கள். ஆனால் முதலில் 1988 பதிவு, அப்புறம் லூக்.