வாங்கிய கடன்

52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தாள் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. மூன்றாம் வகுப்பில் தினமும் பார்ப்பதுதான். 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2 போக 5. பத்தின் இடத்தில் 5-ல் 2 போக 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். "பக்கத்து வீட்டுல கடன் வாங்கும்மா" என்றேன்.

"எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

"கணக்குல குடுக்க வேண்டாம்."

இந்தப் பதில்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே அறையில் மூன்று வகுப்பு, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலை. அந்த நேரத்துக்கு வேறென்ன சொல்வது? மறுநாள் பத்துக்குப் பத்து போட்டாள். அப்புறம் என்ன தப்பு?

403-ல் 158 கழிக்கும்போது தெரிந்தது. 4-ஐ 3 ஆக்கினாள், பூஜ்யத்தைப் பத்தாக்கினாள், 3-ஐப் பதின்மூன்றாக்கினாள். விடை 255. அவிழ்த்தது ஒரு நூறு, பங்கு வைத்தது நூற்றுப்பத்து. நூறு பத்துக் கட்டாகி, அதில் ஒரு கட்டு ஒன்றின் இடத்துக்குப் போனால் மிச்சம் 9 கட்டு, விடை 245. கடன் என்கிற சொல்லுக்குள் அந்த 9 இல்லை.

பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியில் செய்தால் அந்த 9 இருக்கிறது. ஆனால் அதிலும் கோட்டை விடலாம். கட்டை டீச்சரே கட்டிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது ஒரு கட்டு மட்டும்தான், பத்து இல்லை; அவர்களே எண்ணி ரப்பர் பேண்ட் போட வேண்டும், ஒன்பதும் பதினொன்றும் வரும், வரட்டும். 52-ஐ மட்டும் பரப்ப வேண்டும். 27-ஐயும் எடுத்து வைத்தால் பாதிப் பேர் கூட்டிவிடுவார்கள். ஒரு கட்டை அவிழ்த்ததுமே நோட்டில் 5-ஐ அடித்து 4, 2-க்கு மேலே 12 என்று எழுத வைக்க வேண்டும். குச்சி இன்றைக்கு, நோட்டு நாளைக்கு என்றால் இரண்டும் ஒட்டாது. கடன் என்று சொல்லாமல் "கட்டை அவிழ்" என்றாலே போதும்.

போதுமா? திருப்பிக் கொடுக்கிற கழித்தல் நிஜமாகவே உண்டு. பிரிட்டன் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்த முறை: அதே 403-ல் 158 கழிக்க, மேலே 3 பதின்மூன்றானால், கீழே பத்தின் இடத்திலிருக்கும் 5-ஐ 6 ஆக்கிக் கடனை அடைத்துவிடுவார்கள். 13-ல் 8 போக 5. 10-ல் 6 போக 4. அங்கே வாங்கியதற்கு 1-ஐ 2 ஆக்கி, 4-ல் 2 போக 2. அதே 245, பூஜ்யம் தொல்லையே செய்யாது. அவள் கேட்டது கணக்கைத்தான். வீட்டில் வாங்கும் மகளிர் குழுக் கடனை நினைத்துக் கேட்கிறாள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அன்று இதெல்லாம் தெரிந்திருந்தாலும் மூன்றாம் வகுப்பில் இரண்டாவது முறையைத் திறந்திருப்பேனா? மாட்டேன், குழம்பிவிடுவார்கள். "நல்ல கேள்விம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது நாலாம் வகுப்பில் வகுத்தல் போடுகிறாள். கழித்தலெல்லாம் சரியாக வருகிறது என்கிறார்கள். நடுவில் பூஜ்யம் வைத்துக் கொடுத்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.