வெள்ளத்தில் காத்தவர் லீட்ஸிலும் இருக்கிறார்

2024 அக்டோபரில் நர்சான நானும் கணவரும் மகனுமாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தோம். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். குளிரை ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கலாம்; இந்த இருட்டுதான் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு மேல் பரீட்சை பயம். வெளிநாட்டில் படித்த நர்ஸ் இங்கே பதிவு பெற ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். பத்துக் கட்டங்கள். நோயாளியிடம் விவரம் கேட்பது, மருந்து கொடுப்பது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது என ஒவ்வொன்றுக்கும் நேரக் கணக்கு உண்டு. ஊரில் எத்தனை வருடம் வார்டில் நின்றிருந்தாலும் சரி, தேறும்வரை சம்பளம் கீழ்ப்படியில்தான். தேறாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? வீட்டுக் கவலை வேறு. இங்கே சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். வந்து இறங்கியவர்களுக்கு யாரைத் தெரியும்?

தூக்கம் வராத அந்த இரவுகளில் எனக்குக் கைகொடுத்தது 77-ஆம் சங்கீதம். அதைப் பாடிய ஆசாபும் தூங்க முடியாமல்தான் கிடக்கிறார். தேவன் இரக்கம் செய்ய மறந்தாரோ என்று கேட்டே விடுகிறார். அதற்கு நேரடியான பதில் வரவில்லை. அவர் என்ன செய்கிறார் என்றால், கர்த்தர் முன்பு செய்ததையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார். இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்த நாள்வரை நினைவில் பின்னால் போகிறார். தண்ணீருக்குள் தேவனுடைய பாதை இருந்தது, ஆனால் காலடித் தடம் தெரியவில்லை என்கிறார். அதை வாசித்ததும் எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் ஞாபகம் வந்துவிட்டது.

2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைகொள்ளாமல் ஊருக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு நின்றுபோனதும், புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டதும் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் அப்போது ஏரலில் அம்மா வீட்டில் இருந்தோம். தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்தது. அடுப்படியில் இருந்த காலிக் குடம் மிதந்து வந்து கட்டில் காலில் முட்டியபோதுதான் விழித்தோம். எதிர்வீட்டு அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, மகனைத் தோளில் ஏற்றித் தன் வீட்டு மாடியில் கொண்டுபோய் விட்டார். அம்மாவை நாங்கள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. நனைந்த துணியோடு அம்மா பாட ஆரம்பித்தார். மாடியில் இருந்தவர்களில் அந்தப் பாட்டு தெரிந்தவர்கள் கூடப் பாடினார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் எல்லாம் சேறு. பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம், பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் என் நர்சிங் சான்றிதழ்கள் அந்த வாரம் சரிபார்ப்புக்காகச் சென்னையில் இருந்தன. அவற்றை வைத்துத்தான் நான் இன்று இங்கே நிற்கிறேன். இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்லுவேன்: எங்களைவிட அதிகம் இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள், அவர்களும் ஜெபித்தவர்கள்தான். ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி கர்த்தர் எங்களோடு இருந்தார் என்பதை நான் மறுக்க முடியாது.

என் அத்தை முதலூர்க்காரர். விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் பாதுகாப்பாக வாழ 1799-இல் சுந்தரானந்தம் தாவீது உருவாக்கிய ஊர் அது. இன்று வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர் மஸ்கோத் அல்வாதான் தெரியும். நான் போனில் அழுதபோது அத்தை சொன்னார்: "ஏம்மா, நம்ம ஆளுக ஒண்ணுமில்லாம செம்மணல் தேரிக்காட்டுல போய்க் குடியேறினவங்க. அவங்களைக் கைவிட்டாரா? உன்னை மட்டும் விட்டுருவாரா?"

ஜாமீன் கையெழுத்தைக் கடைசியில் வார்டில் கூட வேலை பார்க்கும் மலையாளி சேட்டன் ஒருவர் போட்டார். வசந்தத்தில் ஆஸ்கியும் தேறினேன். இப்போது இவையும் நாங்கள் சொல்லும் சாட்சியில் சேர்ந்துவிட்டன.

மாதம் ஒருமுறை நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வீட்டு ஜெபத்துக்குக் கூடுவோம். வருகிற வருடத்துக்கான வாக்குத்தத்த வசனத்தை நாம் ஆசையாக எடுத்துக்கொள்கிறோம், நல்லதுதான். ஆனால் போன வருடம் கர்த்தர் என்ன செய்தார் என்று பேச அந்த அளவு நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் வருத்தம். வேதத்தில் பார்த்தால் இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்த கையோடு, ஆற்றுக்குள்ளிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்குத்தான் அந்தக் கற்கள். எரிகோ கோட்டையைப் பிடிக்கப் போனது அதற்கு அப்புறம்தான். அதனால் எங்கள் கூட்டத்தில் விண்ணப்பம் சொல்லுமுன் கர்த்தர் தந்த விடுதலை ஒன்றை ஆளுக்கு ஒருமுறை சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். மகனும் சொல்வான், தோளில் ஏறிப் போனது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

கணவருக்கு இன்னும் படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. கிடங்கில் இரவு வேலைதான். அதற்காகவும் ஜெபிக்கிறோம், சாட்சி சொல்லி முடித்த பிறகு.