உப்புத்தாள் கீறலில் ஓடும் வெயில்

போன ஞாயிறு கடலூரில் பஸ் ஏறியது புதுச்சேரி கடற்கரையில் காற்று வாங்கத்தான். ஆனால் மத்தியானம் முழுக்கக் கிடந்தது நண்பனுக்குத் தெரிந்த ஒரு சிற்பியின் பட்டறையில். முற்றத்தில் ஆளுயரத்துக்கு மூன்று எவர்சில்வர் தகடுகளை, காற்றில் திரும்பும் வாழை இலை மாதிரி லேசாக முறுக்கி நிறுத்தியிருந்தார். இன்னது என்று சொல்ல உருவம் எதுவும் இல்லை.

முதலில் எனக்கு வெறும் தகடாகத்தான் பட்டது. அப்புறம் தண்ணீர் குடிக்க இரண்டு அடி நகர்ந்தேன், நடுத்தகட்டில் வெள்ளையாக ஒரு கோடு கீழிருந்து சரசரவென்று ஏறி மேல் விளிம்பில் அணைந்தது. பின்னால் வந்தால் அதே கோடு இறங்குகிறது. தகடுதான் ஆடுகிறதோ என்று பிடித்துப் பார்த்தேன். அடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, இம்மி அசையவில்லை.

“சாப்பாட்டுத் தட்ட வெயில்ல பாத்திருக்கியா தம்பி?” என்றார். பார்த்திருக்கிறேன், ஆனால் யோசித்ததில்லை. வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய தட்டில் வெயில் பட்டால் உடுக்கை வடிவில் வெளிச்சம் விழும், நாம் நகர்ந்தால் அதுவும் சுற்றும். கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கேதான் வெளிச்சம் விரியும், அதுதான் சூட்சுமம். பஃப் அடித்துக் கண்ணாடியாக்கிவிட்டால் வானமும் நம் முகமும்தான் தெரியும். இவர் உப்புத்தாளை ஒரே சீராக இழுத்து, முறுக்கு போகப் போக இழுக்கும் திசையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போயிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தேன், முடியை விட மெல்லிய கீறல்கள், எண்ண முடியாது. விளிம்பருகே ஒன்று மட்டும் கை தவறிக் குறுக்கே போயிருக்கிறது, அங்கே வந்ததும் வெளிச்சம் ஒரு கணம் இடறித்தான் தாண்டுகிறது. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித், 1961இல் தொடங்கி 1965இல் இறக்கும் வரை செய்த ‘கியூபி’ வரிசையில், எவர்சில்வர் பெட்டிகளை அடுக்கி மேற்பரப்பு முழுக்க கிரைண்டரால் சுழித்துச் சுழித்துத் தேய்த்து வெட்டவெளியில் நிறுத்தினார். அவ்வளவு கனமான பெட்டி, வெயில் பட்டால் தண்ணீர் மாதிரி அலைபாயும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன், படம் அசையாது என்பதால் பாதிதான் புரிந்திருந்தது. சிதம்பரத்தில் கற்பூர தீபம் காட்டும்போது நடராஜரின் தூக்கிய திருவடி அசைகிற மாதிரி சின்ன வயசிலிருந்தே எனக்குத் தோன்றும், அதுவும் இதே சங்கதிதான் என்று இப்போது படுகிறது.

கடல் காற்றுக்கு 304 ரக எவர்சில்வர் தகட்டில் பழுப்புப் புள்ளி விழும், கோடு அங்கே அறுந்துபோகும் என்பதால், விலை கூடினாலும் 316 ரகம்தான் வாங்குகிறாராம் பட்டறைச் சிற்பி.

இருட்டியதும் கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது தெருவில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது, அதன் விளக்கு மூன்று தகட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, அந்தக் கீறலில் இடறி, சுவரைத் தாண்டிப் போனது.