சத்திரக்காரனோட வேலை

எங்க சர்ச்ல வருஷத்துக்கு ஒரு தடவையாவது நல்ல சமாரியன் பிரசங்கம் வந்துரும், கள்ளர் அடிச்சு ரோட்டுல போட்டுட்டுப் போன ஒருத்தனப் பத்தி இயேசு சொன்ன கதை. கோயில் ஆசாரியன் விலகிப் போனான், கோயில் ஊழியம் செய்ற லேவியனும் விலகிப் போனான், யூதங்க ஒதுக்கி வச்ச சமாரியன் மட்டும் இறங்கி வந்து எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து காயம் கட்டினான், அதோட ஆமென் சொல்லி முடிச்சிருவாங்க. எனக்கு ரொம்ப நாளா மனசுல நிக்கிறது அந்தக் கதையில கடைசியா வர்ற சத்திரக்காரன், அடிபட்டவன சமாரியன் கொண்டுபோய் சேர்த்த சத்திரத்துல இருந்தவன். சமாரியன் மறுநாளே கிளம்பிட்டான், பயணத்துல இருந்தவன்தானே. அதுக்கப்புறம் அடிபட்டவன் ராத்திரி முனங்குனா எந்திரிச்சுப் போய் பாத்தது யாரு, அவனுக்குக் கஞ்சி கொடுத்தது, துணி மாத்தினது யாரு? லூக்கா 10:35ல ரெண்டு பணம் கொடுத்து "நீ இவனை விசாரித்துக்கொள்"னு சொன்னான்னு இருக்கு. மத்தேயு 20ல திராட்சத்தோட்டத்துக்கு வந்தவங்களுக்கு நாளைக்கு ஒரு பணம் கூலி, அப்போ இது ரெண்டு நாள் கூலி. காசு வாங்கிட்டு பாத்துக்கிட்டவன், அதனாலயோ என்னமோ அவனப் பத்தி யாரும் பேசுறதில்ல.

நானும் காசு வாங்கிட்டு பாத்துக்கிறவதான். தூத்துக்குடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் டெக்னீசியன், கிட்னி போனவங்க ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ற வேலை, 11 வருஷம் ஆச்சு. காலையில 6 மணிக்கு முதல் ஷிஃப்ட், ஒருத்தருக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு ரெண்டு இல்லன்னா மூணு தடவை வருவாங்க. மத்த வார்டுல ஆள் வருவாங்க குணமாகிப் போயிருவாங்க, எங்க யூனிட்ல அப்படி இல்ல, அதே முகம் அதே பெட் வருஷக்கணக்கா. அதனால அன்பு காட்டுறது ஈஸின்னு நெனச்சிராதீங்க. தெனமும் பாக்குற ஆள் மேலதான் சலிப்பு சீக்கிரம் வரும்.

ஒரு அண்ணாச்சி வருவார், அறுபது வயசுக்கு மேல, உப்பளத்துல மூட்டை தூக்கினவர், கிட்னி போனப்புறம் அங்கேயே வாட்ச்மேன். ஒரு டயாலிசிஸ்க்கும் அடுத்ததுக்கும் நடுவுல உடம்பு எடை ரெண்டு ரெண்டரை கிலோ ஏறுனா சமாளிச்சிரலாம், இவரு நாலரை அஞ்சுன்னு ஏறி வருவார், எல்லாம் வெளியேற வழியில்லாத தண்ணி. அவ்வளவையும் 4 மணி நேரத்துல உருவணும்னா பிபி இறங்கும், கெண்டைக்கால் முறுக்கும், கத்துவார், நான் மெஷின நிறுத்தி சலைன் விட்டு ஓடிட்டே இருப்பேன். ஒருநாள் எல்லார் முன்னாடியும் "தண்ணி குடிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, உங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா"ன்னு கேட்டுட்டேன். அவரு ஒன்னும் பேசல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

மெஷின் கணக்கு ஒன்னு சொல்றேன், நிமிஷத்துக்கு 500 மில்லி டயாலிசேட், அதாவது ரத்தத்துல இருக்க கழிவ இழுத்துக்கிற திரவம், ஓடும், 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். ஒரு ஆளோட ரத்தத்த சுத்தம் பண்ண 120 லிட்டர் தண்ணி பக்கத்துலயே ஓடிட்டு இருக்கு, அந்த ஆளு நாளைக்கு ஒரு லிட்டர் கூட குடிக்கக் கூடாது. வெள்ளையா கண்ணு கூசுற உப்புப் பாத்திக்கு நடுவுல நிழலே இல்லாம பகல் பூரா உக்காந்திருக்கவரப் பாத்து தண்ணி குடிக்காதன்னு நான் ஏசி ரூம்ல நின்னு சொல்லிருக்கேன். இது எனக்கு அன்னைக்குத் தோணல.

அவருக்கு ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ஆபரேஷன் பண்ணி தமனியையும் சிரையையும் இணைச்ச இடம், இடது கையில. ஊசி எடுத்ததும் அந்த இடத்த 10 நிமிஷமாவது விரலால அமுக்கிப் பிடிக்கணும், மத்தவங்க அவங்க அவங்களே பிடிச்சுக்குவாங்க. இவருக்கு வலது கையில ஒரு தடவ மூட்டை சரிஞ்சு விழுந்து நரம்பு போயிருச்சு, விரல்ல பிடி கிடையாது. அவருக்கு நான்தான் பிடிக்கணும். ஆனா அந்த 10 நிமிஷம்தான் எங்களுக்கு உயிர் போற நேரம், ரெண்டாவது ஷிஃப்ட் ஆளுங்க வாசல்ல நிப்பாங்க, மெஷின் கழுவணும், பெட் மாத்தணும். அன்னைக்கு எலாஸ்டிக் பட்டைய இறுக்கிக் கட்டிட்டு வேற பேஷண்ட் கிட்ட போயிட்டேன், மறந்தும் போயிட்டேன். பக்கத்து பெட்ல ஒரு காலேஜ் பிள்ள, அவதான் "அக்கா, தாத்தா கை ஒரு மாதிரி இருக்கு"ன்னு கூப்பிட்டா.

கை சில்லுனு இருந்துச்சு. ஃபிஸ்டுலா மேல விரல வச்சா உர்ருனு ஒரு அதிர்வு தெரியணும், அது இருந்தா தான் ரத்தம் ஓடுது. தெரியல. அடைச்சிட்டா கழுத்துல கத்தீட்டர் குழாய் போடணும், மறுபடி ஆபரேஷன், புது ஃபிஸ்டுலா ஊசி போடத் தயாராக வாரக்கணக்குல காத்திருக்கணும், அவ்வளவும் நான் மிச்சம் பிடிச்ச 10 நிமிஷத்தால. பட்டைய அவுத்துட்டு விரல வச்சு நின்னேன், எவ்வளவு நேரம்னு தெரியாது, ஜெபம் பண்ணக்கூட வார்த்தை வரல. மெதுவா, ரொம்ப மெதுவா அதிர்வு திரும்பி வந்துச்சு. என் கண்ணுல தண்ணியப் பாத்துட்டு அவரு சொன்னது, "விடு பிள்ள, நீ ஒருத்தி எத்தன பேரத்தான் பாப்ப."

இன்சார்ஜ் கிட்ட நடந்தத சொல்லி ரெஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ராத்திரி லூக்கா 10 எடுத்து மறுபடி வாசிச்சேன். நியாயசாஸ்திரி, அதாவது வேதச் சட்டம் படிச்ச ஒருத்தன், இயேசுகிட்ட கேட்டது "எனக்குப் பிறன் யார்". யார் யாருக்கெல்லாம் செய்யணும்னு லிஸ்ட் கேக்குறான். இயேசு திருப்பிக் கேட்டது, அடிபட்டவனுக்கு இந்த மூணு பேர்ல "எவன் பிறனாயிருந்தான்"னு. இத்தன வருஷமும் நான்தான் சமாரியன், பேஷண்ட்தான் ரோட்டுல கிடக்கிறவன்னு வச்சே வாசிச்சிருக்கேன். அன்னைக்கு மதியம் கிடந்தவ நான், இறங்கி வந்தவரு அவரு. கூட வேலை பாக்குற கத்தோலிக்க சிஸ்டர் ஒருத்தங்க பைபிள்ல பிறன்கிற இடத்துல அடுத்திருப்பவர்னு இருக்கும், எங்க யூனிட்டுக்கு அந்த வார்த்தை அப்படியே பொருந்துது, அந்தக் காலேஜ் பிள்ள மூணடி தள்ளி அடுத்த பெட்லதானே படுத்திருந்தா.

அதுக்கப்புறம்தான் அவருகிட்ட ஏன் குடிக்கிறீங்கன்னு கேக்காம என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். காலையில பழைய சோறும் கருவாடும், மதியம் ஊறுகா. உப்பு உள்ள போனா தாகம் எடுக்கத்தான் செய்யும், அத அடக்கச் சொல்லி திட்டுறதுல என்ன பிரயோஜனம். கருவாட விடச் சொன்னேன், சின்ன டம்ளர்ல அளந்து குடிங்க, வாய் காஞ்சா ஒரு ஐஸ் துண்டு போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அவரா முதலாளிகிட்ட பேசி ராத்திரி வாட்ச்சுக்கு மாறிக்கிட்டார். இப்போ மூணு கிலோவுக்குள்ள வருது, கோயில் கொடைத் திருவிழான்னா நாலு தாண்டிரும்.

"அதிகமாய் ஏதாகிலும் செலவழித்தால், நான் திரும்பிவரும்போது அதை உனக்குத் தருவேன்"னு சமாரியன் சத்திரக்காரன்கிட்ட சொல்லிட்டுப் போறான்ல, அந்த அதிகம்கிற வார்த்தை மேலதான் இப்பல்லாம் என் கண்ணு போய் நிக்குது. ரெண்டு பணத்துக்கு உண்டான வேலைய நான் எப்பவும் ஒழுங்காத்தான் செஞ்சேன், மெஷின் போடுறதுல யாரும் என்னைய குறை சொன்னதில்ல.

இப்போ அவரு ஊசி எடுக்குற நேரத்துக்கு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துருவேன். கட்டை விரலால அமுக்கிட்டு 10 நிமிஷம். வாசல்ல ரெண்டாவது ஷிஃப்ட் அம்மா மணியப் பாப்பாங்க, சில நாள் சத்தமும் போடுவாங்க, அவங்களுக்கும் பஸ் இருக்கு, அதுவும் எனக்குத் தெரியும். அவரு நேத்து ராத்திரி உப்பளத்துல அடிச்ச காத்தப் பத்தி சொல்லிட்டு இருப்பார், என் விரலுக்குக் கீழ உர்ருனு ஓடிட்டு இருக்கும்.